பிடரியில் வைத்த கை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான், ஆவி கீவி என்று யாராவது ஆரம்பித்தாலே சிரித்துவிட்டு எழுந்து போகிறவள், அதனால் இதைக் கட்டுக்கதை என்று நீங்கள் நினைத்தாலும் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது.

என்னைப் படிக்க வைத்து டீச்சராக்கியவர் அண்ணன். திண்டிவனத்தில் மல்லாட்டைக் கிடங்கில் வேர்க்கடலை மூட்டை தூக்குவார், சாயங்காலமானால் கிடங்குக்குப் பின்னால் கூலிக்காரப் பையன்களுக்குக் குத்துச்சண்டை பழக்குவார், அவர்களுக்கு அவர் 'வாத்தியாரு'. யுத்தத்துக்குப் பெயர் கொடுத்து கப்பலேறி பர்மா போனவரிடமிருந்து பிறகு ஒரு சேதியும் இல்லை. கருமாதி செய்துவிடுங்கள் என்று உறவுக்காரர்கள் நச்சரித்தார்கள், நான் விடவில்லை. அவர் பழக்கியதைப் பார்த்தே கற்றிருந்ததால் பையன்களையும் நானே பழக்கினேன்.

"டீச்சரம்மா, தப்பா குத்தினா பெரம்படி உண்டுங்களா?" என்பான் மாணிக்கம்.

"உண்டு. மொதல்ல கையத் தூக்கு."

அண்ணனுக்கு ஒரு வழக்கம். சுற்று முடிந்து ஸ்டூலில் வந்து உட்காருகிறவனிடம் பேசவே மாட்டார், பின்னால் நின்று பிடரியில் கை வைத்து, எந்தப் பக்கம் நகர வேண்டுமோ அந்தப் பக்கம் அமுக்குவார். எனக்குக் கூச்சம், வாயால்தான் சொல்வேன்.

விழுப்புரத்தில் ஒரு போட்டி. பெண்பிள்ளை கயிற்றருகே நிற்கக் கூடாது என்று என்னை எதிர்ப்பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள், பையன் பின்னால் நிற்க எங்களுக்கு வேறு ஆளும் இல்லை. மாணிக்கம் செம்மையாக அடிவாங்கி ஸ்டூலில் சரிந்தான். நல்ல வெயில், அவன் பின்னால் ஒருவருமில்லை, நம்பினால் நம்புங்கள், அவன் தலை மெல்ல இடப்பக்கம் அமுங்கி அப்படியே நின்றது. எழுந்தவன் இடப்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து ஜெயித்தான்.

முடிந்ததும் அவனிடம் ஓடினேன்.

"வாத்தியாரு எங்கீங்க? இப்பத்தான் பின்னால நின்னுக்கினு இருந்தாரு."

"நீ பாத்தியா?"

"திரும்பினா குட்டுவாருங்களே. பாக்கலீங்க."

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. "கை சூடா இருந்துச்சா, ஜில்லுனு இருந்துச்சா?"

பிடரியைத் தடவிப் பார்த்தான். "அது தெரியலீங்க டீச்சரம்மா. ஈரமா இருந்துச்சு."

வேர்வைதான் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். இன்றும் கருமாதிப் பேச்சை எடுக்கிறவர்களிடம், உயிரோடு இருக்கிறார் என்றுதான் அடித்துச் சொல்கிறேன். ஆனால் அண்ணனுக்கு, சித்திரை வெயிலில் மூட்டை தூக்கினாலும், உள்ளங்கை வேர்த்ததே கிடையாது.