சிவப்புப் பேனையால் வெட்டிய வரி

அடுத்தவரின் கட்டுரைச் சட்டகத்தில் குறை பிடிப்பது சம்பளமில்லாத வேலை. வீட்டு வேலையைப் போல அதையும் நான் கேட்டதற்கு மேலாகவே செய்தேன். பிள்ளைகள் வளர்ந்தபின் சேர்ந்த முன்பள்ளி ஆசிரியைப் பயிற்சி, சனிக்கிழமை வகுப்பு. தலைப்பு, விளம்பரங்களில் ஆணும் பெண்ணும். கட்டுரை எழுத முதல், குறிப்புகளாகப் போட்ட சட்டகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்க வேண்டும்: நல்லது இரண்டு, குறை ஒன்று, பென்சிலால். பிறர் எழுத்தை வாசித்தே தலையிடி கண்டவர்களுக்கு என் பாடு விளங்கும்.

தேத்தண்ணி

பக்கத்தில் இருந்த ரிஸானாவின் சட்டகம் முழுக்கக் கணவன் கதிரையில் இருந்தான், மனைவி தேத்தண்ணியோடு வந்தாள். "கணவன் தேத்தண்ணி ஊற்றும் விளம்பரம் ஒன்றாவது தேடு" என்று எழுதினேன், சிவப்புப் பேனையால். கன்னியர் மடப் பள்ளியில் படித்த கை பென்சிலுக்கு இறங்காது. அவள் வாசித்துவிட்டுச் சொன்னாள்:

"தேடிப் பாக்கிறன் அக்கா, கெடச்சா ஒங்கட ஊட்டுக்காரருக்கும் காட்டுவம்."

மூன்றாவது குறிப்பு

அடுத்து வந்த சட்டகம் ஸ்டெல்லாவுடையது. கண்டக்குழியில், மீன் காயவைக்கும் கருவாட்டு வாடியில் வேலை செய்பவள். சான்றிதழ் கிடைத்தால் முன்பள்ளி, இல்லாவிட்டால் வாடியேதான். அவளுடைய மூன்றாவது குறிப்பு: "மீன் விளம்பரத்தில் ஆண் பிடிக்கிறான், பெண் பொரிக்கிறாள். நடுவில் வெட்டி, உப்பிட்டு, காயப்போடும் பெண் எங்கே?" விளம்பரத்தில் இல்லாதது தலைப்புக்கு வெளியே என்று குறுக்கே வெட்டினேன். அவள் தாளை நாலாக மடித்தாள்.

"சரி அக்கா, இல்லாத ஆள்தானே."

வாடியில்

இரண்டு சனி அவள் வரவில்லை. மூன்றாவதும் வராவிட்டால் வகுப்பிலிருந்து பெயர் வெட்டப்படும். வெள்ளிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். வெயிலில் குந்தியிருந்து மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். விரல் இடுக்கெல்லாம் உப்பு வெடிப்பு. இத்தனை வருடம் கருவாடு வாங்கினேன், அந்தக் கையை நினைத்ததில்லை. "பிழை என்னுடையது. அந்த வரிதான் உன் கட்டுரை" என்றேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய், அவ்வளவுதான் வந்தது. அவள் நிமிரவில்லை.

"அத என்ட தாள்லயே எழுதித் தாங்க அக்கா, மிஸ்ஸும் பாக்கட்டும்."

அவள் எடுத்துத் தந்த அதே நாலு மடிப்புத் தாளை மீன் பெட்டிமேல் வைத்து எழுதிக் கொடுத்தேன்.

என் சட்டகம்

சனிக்கிழமை வந்தாள். என் சட்டகம் அவளிடம் போனது. சலவைத்தூள் பெண், பவுடர் பெண், பால்மா அம்மா என்று வரிசையாக நான் குறை சொல்லிக் கிழித்திருந்ததை விரல் வைத்து வாசித்தாள். நல்லது இரண்டு எழுதினாள். குறையை வாயால் சொன்னாள்:

"எல்லாப் பொம்புளையும் இருக்கு அக்கா, உங்களத்தான் காணல."

வீட்டுக்கு வந்து, ஊறப்போட்ட உடுப்பைத் தோய்த்துவிட்டு, கட்டுரையின் முதல் வரியை "நான்" என்று தொடங்கினேன், பென்சிலால்.