ஆற்றுப் பயணத்துக்குப் பெரிய லென்ஸ் ஒன்றே போதுமா?

கனடாவில் இருக்கும் மச்சாள், அதாவது என் மனைவியின் அக்கா, பதினொரு வருடத்துக்குப் பிறகு சென்ற ஆவணியில் வந்திருந்தார். சகோதரிகள் இருவரும் சேர்ந்திருக்கும் நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. கமராவைக் கண்டால் மச்சாளின் முகம் அடையாள அட்டைப் படம்போல இறுகிவிடும். புதன்கிழமை அவருக்கு விமானம். திங்கள் காலை மகாவலியில் படகில் போவோம் என்றேன். அங்காவது ஒரு படம் அமையவேண்டும் என்பது மனைவியின் ஆசை.

என் பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். 18–55 மில்லிமீற்றர் லென்ஸ் என்பது பாடசாலை மேடையில் நின்று காலைக் கூட்டம் முழுவதையும் பார்ப்பது போல. பெரிய லென்ஸான 70–300 என்பது அதே மேடையில் நின்றபடி, கடைசி வரிசையில் எவன் மாங்காய் தின்கிறான் என்று பார்ப்பது. ஆறு என்றதும் எனக்குப் பறவைகள்தான் நினைவுக்கு வந்தன. படகில் வீசும் காற்றில் லென்ஸ் மாற்றினால் தூசி உள்ளே போகும் என்று சொல்லி, சின்னதை அலுமாரியிலேயே விட்டேன். அதையும் எடுக்கவில்லையா என்று மனைவி இரண்டு தரம் கேட்டார்.

எங்கள் ஊரான பாலையூற்றில் காலை 5.45க்கு ஓட்டோ பிடித்தோம். கிண்ணியா தாண்டிக் கங்கைப் பாலத்தடிக்கு ஒரு மணி நேரம். போய்வர 5,000 ரூபா. றபீக் என்பவரின் படகுக்கு இரண்டு மணி நேரத்துக்கு 6,000.

படகில் மச்சாள் கை எட்டும் தூரத்தில் இருந்தார். அவ்வளவு கிட்ட இருப்பதை என் பெரிய லென்ஸ் தெளிவாக்காது. கைத்தொலைபேசியால் எடுத்தேன், அடையாள அட்டை. றபீக்கிடம் கொடுத்து எடுப்பித்தேன். அதே அட்டை, கழுத்து வேறு சாய்ந்திருந்தது. "எனக்குப் படத்துக்கு ஏத்த முகமில்லை, விடுங்கோ" என்று மச்சாள் திரும்பிக்கொண்டார்.

மீன்கொத்தி ஒன்றுக்காக மணல்திட்டில் இறங்கினேன். றபீக் குனிந்து மெல்லச் சொன்னார்: "சேர், நீங்க இங்கயே நில்லுங்க. நான் படகத் தள்ளிக் கொண்டு போறன். கிட்ட கமரா இல்லாட்டி அவங்க மறந்திருவாங்க."

இருபது மீற்றர் போய் எஞ்சினை நிறுத்தினார். மச்சாள் பாதுகாப்பு அங்கியின் பட்டியைக் கழற்றினார்.

"கட்டுங்கோ அக்கா. உங்களுக்கு நீந்தத் தெரியாது."

"உனக்குத் தெரியுமோ? கிணத்துக்குள்ள வாளியைப் பிடிச்சுக்கொண்டு கத்தினனீயெல்லே."

மனைவி பட்டியை இழுத்துக் கட்ட, மச்சாள் தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தார். 200 மில்லிமீற்றரில் ஒன்பது படங்கள் எடுத்தேன். மீன்கொத்தி எப்போது பறந்தது என்று தெரியாது.

கரைக்கு வந்ததும் மச்சாளிடம் காட்டினேன். விருப்பமில்லையென்றால் அழித்துவிடுகிறேன் என்றேன். நெடுநேரம் பார்த்தார்.

"பல்லெல்லாம் தெரியுது," என்றார். பிறகு, "அழிக்கிற கதை கதையாதேங்கோ."

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இரண்டு லென்ஸும் கொண்டுபோங்கள்; மனைவி சொன்னால் கட்டாயம் கொண்டுபோங்கள். எஞ்சின் ஓடும்போது பெரிய லென்ஸ் நடுங்கும், நிறுத்தச் சொல்லுங்கள். முதலைகள் உள்ள ஆறு. படகோட்டி காட்டும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். வெட்கப்படுகிற முகத்துக்குக் கிட்டப் போகாதீர்கள்.

செவ்வாய் மாலை நகரத்தில் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்தோம். கசங்கிவிடும், பெட்டியில் வையுங்கள் என்றேன். மச்சாள் கேட்கவில்லை, கையில் பிடித்தபடியே விமான நிலையம் போகும் வான் வண்டியில் ஏறி, மடியில் வைத்துக்கொண்டார்.