வெறும் கதிரையின் இரைச்சல்

1. வாய் மட்டும் அசைந்த வீடியோ

திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் வீதியில் உள்ள ஒரு போன் திருத்தும் கடையில் பதினேழு வருடங்களாக வேலை செய்கிறேன். டிஸ்பிளே மாற்றுவது, பற்றரி மாற்றுவது, தண்ணீருக்குள் விழுந்ததைக் கழற்றிக் காயவைப்பது எல்லாம் கை பழகினால் வந்துவிடும். வீடியோவில் இரைச்சல் வருகிறது என்று ஒருவர் வந்து நிற்கும்போதுதான் நமக்கு உண்மையில் வேலை தெரியுமா என்பது தெரியவரும். அந்த வேலையில் நான் ஒரு பெரிய பிழை விட்டிருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் அதை எழுதுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலையில், கட்டைபறிச்சானிலிருந்து பூமணி என்ற அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். கைலேஞ்சித் துணியில் சுற்றிய போனை மேசையில் வைத்தார்.

"பிள்ளை, இதில வீடியோ எடுத்தா ஒரே இரைச்சல். என்ர மனிசன் கதைக்கிறது ஒண்டும் விளங்குதில்லையாம் எண்டு மகள் சொல்லுறா."

மகள் வதனி கனடாவில் இருக்கிறாள், முதல் பிள்ளைக்கு நிறைமாதம். கணவர் தவராசா ஐயா முன்பு மூதூர் இறங்குதுறையில் படகுக்கு ஆள் கூப்பிடும் வேலை செய்தவர். போன வருடம் அவருக்குத் தொண்டையில் ஒப்பரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு குரல் பாதி காற்றாகத்தான் வருகிறது. நேரடியாகப் போனில் கதைத்தால் மறுபக்கத்தில் "என்ன? என்ன?" என்று கேட்பார்கள், இவருக்கு அது பிடிக்காது. அதனால் தினமும் இரண்டு மூன்று நிமிடம் வீடியோ எடுத்து மகளுக்கு அனுப்பி வந்திருக்கிறார். சரியாக வராவிட்டால் அழித்துவிட்டுத் திரும்ப எடுக்கலாம் அல்லவா.

"இப்ப ரெண்டு கிழமையா எடுக்கிறேல்லை" என்றார் பூமணி அம்மா. "நான் கதைச்சு எடுத்தா இரைச்சல் இல்லை. அவர் கதைச்சாத்தான் வருது. அதால அவர் சொல்லுறார், பிழை போனில இல்லை, என்ர தொண்டையிலதான் எண்டு."

பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"போனிலதான் பிழை எண்டு நீங்கள் ஒருக்கா அவருக்குச் சொல்லவேணும்."

"பாத்துப்போட்டுச் சொல்லுறன் அம்மா."

"பாத்து என்ன வந்தாலும் அப்பிடிச் சொல்லுங்கோ."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புதன்கிழமை ஐயாவுக்குத் திருகோணமலை ஆஸ்பத்திரியில் கிளினிக் இருப்பதாகவும், முடிந்ததும் அவரையே கூட்டிக்கொண்டு வருவதாகவும் சொல்லிப் போனை வைத்துவிட்டுப் போனார்.

ஹெட்போன் போட்டுப் பழைய வீடியோ ஒன்றைக் கேட்டேன். 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல், அதற்குள் எங்கேயோ ஐயாவின் குரல். ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அந்தச் சீறல் அவருடைய மூச்சுத்தான் என்றே நானும் நினைத்தேன். அப்படி நினைத்ததால் மேற்கொண்டு தேடவில்லை. வீடியோவைக் கணினியில் ஏற்றி, இரைச்சலை எடுக்கும் மென்பொருளில் போட்டு, அளவைக் கடைசி வரைக்கும் கூட்டினேன். தொடக்கத்தில் பூமணி அம்மா "தொடங்குங்கோ" என்று சொல்வது பளிச்சென்று கேட்டது. இரைச்சல் துளியும் இல்லை. கடையில் ஆட்கள் காத்து நின்றார்கள். மிச்சத்தைக் கேட்காமலே சேமித்து வைத்தேன்.

புதன்கிழமை இருவரும் வந்தார்கள். ஐயா நல்ல உயரம், வெள்ளைச் சேர்ட், கழுத்தில் ஒரு மெல்லிய சால்வை. கதிரையில் இருந்தவர் பக்கம் கணினித் திரையைத் திருப்பி, "பாருங்கோ ஐயா" என்று பெருமையோடு வீடியோவைப் போட்டேன்.

"தொடங்குங்கோ" கேட்டது. பிறகு திரையில் ஐயாவின் வாய் அசைந்தது. சத்தமே இல்லை. கையை உயர்த்தி ஏதோ சொன்னார், சிரித்தார், இரண்டு முறை தலையாட்டினார். ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. மென்பொருள் அவருடைய குரலையும் இரைச்சல் என்று எண்ணித் துடைத்துவிட்டிருந்தது. நிறுத்துவதற்குள் அரை நிமிடம் போய்விட்டது.

ஐயா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்தக் காற்றுக் குரலில் சொன்னார்.

"அப்ப சரிதானே பிள்ளை. இரைச்சலை எடுத்தா நானும் போறன்."

எழுந்து வெளியே நடந்தார். பூமணி அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவர் பின்னால் போனார். போன் என் மேசையிலேயே கிடந்தது.

2. சாபிர் நானா ஏசவில்லை

கடை முதலாளி சாபிர் நானா கிண்ணியாக்காரர். மத்தியானம் அவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன்.

"முழுசாக் கேட்டியா புள்ள?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை நானா."

"கேக்காமத்தான் குடுத்திருக்காய்."

பிறகு கண்ணாடி அலுமாரியிலிருந்து வயர் வைத்த காலர் மைக் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை கடை பூட்டுத்தானே. போனைக் கொண்டு போய்க் குடு. மன்னிப்புக் கேளு. அந்தச் சத்தம் அவங்கட ஊட்டுலதான் இருக்கு. இஞ்ச இருந்து புடிக்க ஏலா."

அன்று பின்னேரம் போனை முதலிலிருந்து பார்த்தேன். வீடியோ எடுக்கும்போது கமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன மைக்தான் முக்கியம். அவர்கள் போட்டிருந்த கவர் அந்தத் துளையைப் பாதி மூடியிருந்தது. வலையில் பவுடரும் தூசியும் அடைத்திருந்தன. கவரைக் கழற்றி, மெல்லிய தூரிகையால் தட்டி எடுத்தேன். (அந்தத் துளைக்குள் ஊசியை விட்டுக் குத்த வேண்டாம். அழுக்கு வராது, மைக்தான் போகும்.)

பிறகு நானே சத்தமாகக் கதைத்து ஒரு வீடியோ எடுத்தேன். இரைச்சல் இல்லை. இரகசியம் சொல்வதுபோல் மெதுவாகக் கதைத்து இன்னொன்று எடுத்தேன். இரைச்சல் வந்தது. கடை ஃபேனின் சத்தம், வீதியில் போன பஸ்ஸின் சத்தம் எல்லாம் பெரிதாகக் கேட்டன.

அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டேன். குரல் சிறியதாக இருந்தால் போன் தானாகவே எல்லாச் சத்தத்தையும் கூட்டிவிடும். பலத்த குரல் வந்தால் குறைத்துவிடும். 'ஓட்டோ லெவல்' என்று சொல்லுவோம். எத்தனையோ பேருக்கு நான் விளக்கியிருக்கிற விஷயம். பூமணி அம்மா கதைக்கும்போது போன் தணிந்துவிடுகிறது, ஐயா கதைக்கும்போது அறை முழுவதையும் தூக்கிக்கொண்டு வருகிறது. அந்தக் குரலைக் கேட்டதும் நானும் மற்றவர்களைப் போலவே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் இதை வாயால் சொன்னால் ஐயா நம்பமாட்டார் என்று தெரியும். மனைவி சொல்லிக்கொடுத்த பொய் என்றுதான் நினைப்பார்.

3. கட்டைபறிச்சானில்

பூமணி அம்மா தந்திருந்த பக்கத்து வீட்டு இலக்கத்துக்கு அழைத்து, வீட்டுக்கு வருவதாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கிண்ணியா வழியாக மூதூருக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஓட்டோ பிடித்தேன். வீட்டு முன்னறையில் ஐயா கதிரையில் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஒரு நிற்கும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டு எழும்பவில்லை. "இருங்கோ" என்று கையைக் காட்டினார்.

"ஐயா, முந்தநாள் நான் பிழை விட்டிட்டன். முழுசாக் கேக்காம உங்களுக்குப் போட்டுக் காட்டினனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்லை. நீங்கள் மினக்கெட வேண்டாம் பிள்ளை. தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ."

"உங்களைக் கதைக்கச் சொல்ல வரேல்லை. ஒரு நிமிஷம் எழும்பி வாசலில நில்லுங்கோ. கதிரையை மட்டும் எடுக்கப் போறன்."

"கதிரையையோ?"

"ஓம் ஐயா."

என்ன நினைத்தாரோ, எழும்பிப் போய் வாசலில் நின்றார். குசினியில் அடுப்புப் பக்கம் நின்ற பூமணி அம்மாவை அசையவேண்டாம் என்றேன். அவர்கள் வழக்கமாக வைக்கும் இடத்தில் போனை வைத்து, வெறும் கதிரையை ஒரு நிமிடம் வீடியோ எடுத்தேன். பிறகு ஐயாவைக் கூப்பிட்டு இருத்தி, என் ஹெட்போனை அவருடைய காதில் போட்டேன்.

அவர் கேட்டார். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இது ஆர்?"

"ஒருத்தரும் இல்லை ஐயா. நீங்கள் வாசலில நிண்டனியள். அம்மா குசினியில."

"அதே சீறல்."

"ஓம். அதேதான்."

திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் முறை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார். "கேட்டுப் பார்" என்றார். அவர் கேட்டுக்கொண்டிருக்க, இவர் சால்வையால் முகத்தைத் துடைத்தார்.

அதன்பிறகு அவரே என்னோடு சேர்ந்து இரைச்சலைத் தேட ஆரம்பித்தார். ஃபேனை நிறுத்தி எடுத்தோம். சீறல் பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் அடியில் 'ம்ம்' என்று ஒரு முனகல் இருந்தது. ஐயா அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சுவரில் கையை வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பிரிட்ஜ். அதையும் நிறுத்தினோம். முனகலும் போனது.

காலர் மைக்கை அவருடைய சேர்ட்டில் இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் கொளுவினேன். குரல் சிறியதென்றால் மைக் கிட்டப் போகவேண்டும், அவ்வளவுதான். வாய்க்குக் கிட்ட வந்துவிட்டால் போன் அறையைத் தூக்கவேண்டிய தேவை குறைந்துவிடும்.

ஃபேன் இல்லாததால் ஐயாவுக்கு வேர்க்கத் தொடங்கியது. பூமணி அம்மா பழைய கலண்டர் மட்டை ஒன்றை எடுத்துவந்து விசிறினார். நான் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு பதிவைத் தொடங்கினேன். 'சிலுங் சிலுங்' என்று ஒரு புதுச் சத்தம் வந்தது. அவருடைய வளையல்கள்.

"அம்மா, வளையல் சத்தம் கேக்குது."

அவர் உடனே மட்டையை வைத்துவிட்டு வளையலைக் கழற்றப் போனார்.

"கழட்டாதை" என்றார் ஐயா.

அந்த ஒரு சொல் என் ஹெட்போனில் முழுதாகக் கேட்டது. காற்றோடு சேர்ந்த குரல்தான். ஒப்பரேஷனுக்கு முந்திய குரலை எந்த மைக்காலும் கொண்டுவர ஏலாது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் இருந்தது, அதில் இருந்த கோபமும் அன்பும் இருந்தன. நான் பதிவை நிறுத்தி அதை அவருக்குப் போட்டுக் காட்டினேன். இந்த முறை முழுவதையும் கேட்ட பிறகுதான் காட்டினேன்.

பூமணி அம்மா போனைச் சுற்றிக்கொண்டு வந்த அந்தக் கைலேஞ்சியை எடுத்து வளையல்களின் மேல் கட்டிக்கொண்டார். கணவருக்குப் பின்னால் நின்று மெதுவாக விசிறினார். ஐயா சால்வையைச் சரிசெய்து, நிமிர்ந்து இருந்தார்.

"வதனி, அப்பா கதைக்கிறன். இப்ப கேக்குதோ?"

அதற்குப் பிறகு சொன்னது அவருக்கும் மகளுக்கும் உரியது. சத்தம் சரியாக ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன்.

4. பிறகு

அடுத்த நாள் பூமணி அம்மா கடைக்கு அழைத்தார். மகள் பதில் அனுப்பியிருந்தாளாம். "அப்பா மூச்சு வாங்கிற இடம்கூடக் கேக்குதாம் எண்டு அழுறாள். இவர் விடியவே எழும்பி பிரிட்ஜை நிப்பாட்டிப்போட்டு இருக்கிறார். மீன் பழுதாகப் போகுது பிள்ளை." குறை சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் குரலில் குறை இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து வதனிக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளையின் காதுக்குக் கிட்டப் போனை வைத்து அம்மப்பாவின் குரலைக் கேட்கவிடுகிறாள் என்று ஐயாவே என்னிடம் சொன்னார். அவராகவே கடைக்கு வந்து, கதிரையில் இருந்து, ஆறுதலாகச் சொன்னார். கடையில் நின்ற இரண்டு பேர் கேட்கிறார்கள் என்று அவர் தயங்கவில்லை.

இப்போது இரைச்சல் என்று யார் போனைக் கொண்டுவந்தாலும் நான் செய்கிற முறை இதுதான். கவரைக் கழற்றுவேன், மைக் துளையைப் பார்ப்பேன். பிறகு, அவர்கள் வழக்கமாக வீடியோ எடுக்கும் இடத்தில் ஆள் இல்லாமல் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுவேன். சிலர் சிரிப்பார்கள். பரவாயில்லை. அந்த ஒரு நிமிடத்தைக் கேட்காமல் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று எவரிடமும் வாய் திறப்பதில்லை. மென்பொருளைக் கடைசியாகத்தான் தொடுவேன், அதையும் முழுதாகக் கேட்ட பிறகே கையில் கொடுப்பேன்.

ஏசாமல் மைக்கை எடுத்துத் தந்த சாபிர் நானாவுக்கு நான் நன்றிக்கடன் பட்டவள். அதைவிடக் கூடுதலாகத் தவராசா ஐயாவுக்கு. அவருடைய குரலைத் துடைத்து அவருக்கே போட்டுக் காட்டியவள் மறுநாளுக்கு அடுத்த நாள் வீடு தேடி வந்து, கதிரையை வீடியோ எடுக்கவேண்டும் என்று கேட்கிறாள். வேறு யாராவது என்றால் போ என்றிருப்பார்கள். அவர் எழும்பிப் போய் வாசலில் நின்று தந்தார்.