மீனுக்கு முன்னால் அணு

“மொதல்ல முன்னால ரெண்டு பேரு. அது நெறஞ்ச பெறவுதான் பின்னால. ஏளா பச்சச்சேலை, அதுக்குள்ள அங்கன ஏறிட்டியே, எறங்கு” என்று திரேஸ்புரம் முனையில் ஷேர் ஆட்டோவை நிறுத்தி ஆட்களை அடுக்கிக்கொண்டிருக்கிறாள் பிளாரன்ஸ். முன்னால் இரண்டு, பின்னால் எட்டு. எட்டு சேராமல் வண்டி நகராது. ஏழு பேர் உட்கார்ந்ததுமே மூச்சு முட்டுகிறது என்று யாராவது முனகினால் கண்ணாடி வழியாகப் பதில் வரும்: “ஒரு அணுவுக்குள்ள பூராம் காலி எடந்தானாம். நம்ம எல்லாரும் அணுதான். நெருங்கி உக்காருங்க.”

போக்குவரத்துக் காவலரிடமும் இதையே சொல்லிப் பார்த்தாள். “எலக்ட்ரானே இப்பிடித்தான் சார் உக்காருது. உள்வட்டம் நெறஞ்சாத்தான் வெளிவட்டம்.” அவர் லைசென்சைக் கேட்டார்.

பிளாரன்சுக்கு நாற்பது தாண்டிவிட்டது. குரல் கணீரென்று இருக்கும், கைலியை மடித்துக் கட்டுவதுபோல் சுடிதார் கையைச் சுருட்டிவிட்டுக்கொள்வாள். ஸ்டியரிங்குக்கு மேல் மாதா படம். அதற்குப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிய தனிம அட்டவணை. இரண்டையும் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் சாவியைத் திருகுவாள்.

மீன் மேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே கிறுக்கு. தின்பதில் இல்லை, தெரிந்துகொள்வதில். கணவாய் மீனுக்கு மூன்று இதயம் என்று அவள் ஒருநாள் சொல்லப்போக, அவளுடைய மதினி ஷெர்லின், ஆஸ்பத்திரியில் நர்ஸ், “ஒனக்கு இருக்க ஒண்ண மொதல்ல ஒழுங்காப் பாத்துக்க” என்றாள். அந்த வாரமே அஞ்சல் வழியில் விலங்கியல் பட்டப்படிப்புக்குச் சேர்ந்துவிட்டாள் பிளாரன்ஸ். சனிக்கிழமைதோறும் வகுப்பு. புத்தகத்தைப் பிரித்தால் மீனைக் காணோம். முதல் பாடமே அணு. புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான்.

“தம்பி, நான் மீனப் படிக்க வந்தவ. கண்ணுக்குத் தெரியாததப் படிக்கச் சொல்லுதிய.”

வகுப்பெடுக்கும் செந்தில்முருகன் மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள பையன். “மீனும் அணுவாலதான்க்கா ஆயிருக்கு” என்றான். “கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன். நீங்களும் அதேதான்.”

“அப்ப நானும் சாளை மீனும் ஒண்ணா?”

“சேந்திருக்க விதம்தான்க்கா வேற.”

இந்த ஒரு வாக்கியம் அவளைப் பிடித்துக்கொண்டது. சந்தையில் மீன் வெட்டும் பெண்களிடம், “பாத்து வெட்டு, நம்ம ஆளுதான்” என்று சொல்ல ஆரம்பித்தாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. படிப்பில் சேர்ந்ததை அவள் கணவன் பாஸ்கலிடம் சொல்லவில்லை. பாஸ்கல் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் எஞ்சின் டிரைவர். கடலில் இருந்தவனுக்கு ஷெர்லின்தான் வாய்ஸ் மெசேஜில் சேதி சொன்னாள். கரையேறி வந்ததிலிருந்து அவன் மனைவியிடம் பேசுவதில்லை. குக்கரிடம் பேசினான். “குழம்புல புளி கூடிப்போச்சு” என்று அதைப் பார்த்துச் சொல்வான். “கூடுனா கூடட்டும்” என்று பிளாரன்சும் குக்கரிடமே பதில் சொல்வாள். குக்கர் இருவருக்கும் பொதுவாக விசிலடிக்கும்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்குச் செமினார். முதல் டெஸ்டில் அவள் எழுதிய விடைத்தாளில் அணுவை விட ஆட்டோ அதிகம் இருந்ததால் மதிப்பெண் தேறவில்லை. செமினாரிலும் தேறாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. மீனைப் பார்க்க இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். தலைப்பு, அயனிப் பிணைப்பு. எடுத்துக்காட்டு, சாப்பாட்டு உப்பு.

படம் வரைய அவளுக்குக் கை வராது. ஆட்களை வைத்தே நடத்திவிடுவதென்று முடிவு செய்தாள். தான் சோடியம். சோடியத்தின் வெளிவட்டத்தில் தனியாகச் சுற்றும் ஒரே எலக்ட்ரான், வகுப்பிலேயே மூத்தவரான வெள்ளத்துரை, ஓய்வுபெற்ற துறைமுகக் கிளார்க். குளோரினுக்கு எட்டு நாற்காலியை வட்டமாகப் போட்டாள். ஏழில் ஆட்கள், எட்டாவது காலி. நடுவில் அணுக்கருவாக உட்கார வேண்டிய பிரைட்டன் மட்டும் வரவில்லை. அவன் அக்கா பிள்ளைக்கு ஞானஸ்நானம்.

அந்த நேரம் பார்த்துப் பாஸ்கல் வாசலில் வந்து நின்றான். காலையில் மக்கர் பண்ணிய ஆட்டோவைச் சரிசெய்து கொண்டுவந்திருந்தான். சாவியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பப் போனவனைச் செந்தில்முருகன் கூப்பிட்டான்.

“அண்ணாச்சி, ஒரு நிமிசம் குளோரினா இருந்துட்டுப் போங்க.”

பாஸ்கலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாத்தியார் சொன்னால் உட்கார்ந்துதானே ஆகவேண்டும். நடு ஸ்டூலில் உட்கார்ந்தான். பிளாரன்சின் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

“நாந்தான் சோடியம். என் வெளிவட்டத்துல ஒரே ஒரு ஆளு. இவிய” என்று வெள்ளத்துரையைக் காட்டினாள். “எனக்கு இவியள வச்சிருக்கவும் முடியல, தள்ளவும் வழியில்ல.”

வெள்ளத்துரை அவளைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். எலக்ட்ரான் வேகமாகச் சுற்றும் என்று படித்திருந்ததால் ஓடவே செய்தார். வேண்டாம் என்று செந்தில்முருகன் கையைக் காட்டியதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் விரைந்தார்.

“குளோரின்ட்ட ஏழு பேரு. ஒரு ஆளு வந்தா எட்டு நெறஞ்சிரும். அதனால நான் குடுக்கேன். அண்ணாச்சி, போங்க.”

போனார். தலை கிறுகிறுத்திருந்ததால் காலி நாற்காலிக்குப் போகாமல் நேராகப் பாஸ்கல் மடியில் போய் விழுந்தார்.

“எலக்ட்ரான் நியூக்ளியஸ்ல விழக்கூடாது அண்ணாச்சி” என்றான் செந்தில்முருகன், கவலையோடு.

பாஸ்கல் அவரைத் தோளோடு அணைத்து எழுப்பி, எட்டாவது நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். வகுப்பு சிரித்து ஓயும்வரை பிளாரன்ஸ் காத்திருந்தாள்.

“இப்ப எங்கிட்ட ஒரு நெகட்டிவ் கொறஞ்சிட்டு. நான் பாசிட்டிவ். அவியட்ட ஒண்ணு கூடிட்டு. அவிய நெகட்டிவ்.”

“அவிய கரையேறுனதுல இருந்தே அப்பிடித்தான் போல” என்று, குக்கர் கதையை ஏற்கெனவே அவளிடம் கேட்டிருந்த வெள்ளத்துரை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

“எதிரெதிரா இருக்கதால இழுத்துக்கிடும்” என்று முடித்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

“இழுக்கணுமேக்கா” என்றான் செந்தில்முருகன்.

பாஸ்கல் கரும்பலகையைப் பார்த்துக் கேட்டான். “யாரு யாருகிட்டப் போவணும்?”

“ரெண்டு பக்கமும் இழுக்கும் அண்ணாச்சி.”

பாஸ்கல் எழுந்தான். நாற்காலிகளுக்கு இடையில் வழி இல்லாததால் வெள்ளத்துரையின் காலைத் தாண்டி வந்தான். பிளாரன்சும் ஓர் எட்டு வைத்தாள். இருவரும் அருகருகே நின்றார்கள்.

“ஏளா, ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா” என்றான் மெதுவாக. பக்கத்தில் குக்கர் எதுவும் இல்லை.

“சொன்னா சிரிப்பியன்னு நெனச்சேன்.”

“சிரிச்சிருப்பேன். பெறவு மாலத்தீவுல இருந்து ஒரு நல்ல மீன் புஸ்தகம் வாங்கிட்டு வந்திருப்பேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்து, “இதான் சோடியம் குளோரைடு” என்றாள். செந்தில்முருகன் அவளுக்குத் தேர்ச்சி போட்டுவிட்டான். எலக்ட்ரான் விழுந்ததற்கு மட்டும் ஒரு மதிப்பெண் குறைத்தான்.

வெளியே ஐப்பசித் தூறல் பிடித்திருந்தது. படியிறங்கப் போன பாஸ்கல் நின்று, வாத்தியாரிடம் திரும்பினான்.

“இப்பிடிச் சேந்தத அப்புறம் பிரிக்க முடியாதா தம்பி?”

“லேசுல முடியாது அண்ணாச்சி. தண்ணில போட்டா மட்டும் தன்னால பிரிஞ்சிரும்.”

பாஸ்கல் வானத்தைப் பார்த்தான். தோளில் கிடந்த கிரீஸ் துண்டை உதறி, பிளாரன்சின் தலையில் ஒரு சொட்டுப் படாதபடி இழுத்துப் போர்த்திவிட்டான்.