பார்த்து எழுதியவர்கள்

வகுப்பில் யாராவது கையைத் தூக்கி, "சார், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தால் கடைசி பெஞ்சு விழுந்து விழுந்து சிரிக்கும். பொருளறிவியல் ஆய்வுக்கூட உதவியாளருக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயரே சந்தேகம்தான்.

முப்பத்தொரு வருடம் அதே கூடம், அதே நீலச் சட்டை. இரும்பு, எஃகு, பித்தளை என்று உலோகத் துண்டுகளைக் கருப்பு பிளாஸ்டிக் வில்லைகளில் பதிப்பார். பின்பக்கம் எண் பொறிப்பார். தேர்வன்று ஒவ்வொரு மாணவனும் தனக்குக் கிடைத்த ஒரு வில்லையை உப்புத்தாளில் தேய்த்து, மெருகேற்றி, அமிலம் தொட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து, அது என்ன உலோகம் என்று எழுத வேண்டும். சட்டைப்பையில் எப்போதும் ஒரு காந்தம் இருக்கும். பாத்திரக்கடையில் அதை எடுத்தாலே கடைக்காரர், "வந்துட்டார்யா இன்ஸ்பெக்டர்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மகளும் அதே படிப்புத்தான் படித்தாள். பல்சக்கரத் தொழிற்சாலையில் எஃகைச் சூடேற்றிக் குளிரவைக்கும் பிரிவில் வேலை. தன் உலை காட்டும் வெப்பநிலையை அவளும் நம்புவதில்லை.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா, ஈ.சி.ஜி. எடுத்த நர்ஸிடம், "இந்த மெஷின கடைசியா எப்ப சரிபார்த்தீங்க?" என்று கேட்டார். நர்ஸுக்குத் தெரியவில்லை. அப்பா எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். போனில் இதைக் கேட்ட மகள், "சரியாத்தான்ப்பா கேட்டிருக்கீங்க" என்று சிரித்தாள்.

நாலாம் நாள் அவர் இல்லை.

மூன்று வாரம் கழித்து, அவருடைய பொருட்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. துறைத்தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் அவ்வளவு கனிவாகப் பேசியதே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

"ஒரு சின்ன சங்கடம்மா. போன வாரம் செய்முறைத் தேர்வு நடந்துச்சு. முப்பது பேர்ல ஆறு பேருக்குத்தான் விடை சரியா வந்திருக்கு. அப்பா நம்பர மாத்திப் பொறிச்சிட்டார் போல. கடைசி மாசங்கள்ல அவருக்கு ஞாபகம் கொஞ்சம்..."

"எங்கப்பாவுக்கா?"

"வயசாச்சில்ல. முதல்வருக்குக் கடிதம் எழுதிட்டேன். தேர்வு ரத்து, மறுதேர்வு. சாயங்காலம் அனுப்பணும்."

கடிதம் மேசைமேல் இருந்தது. 'நினைவுத் தடுமாற்றம் காரணமாக' என்ற வரியைத் தலைகீழாகவே படித்துவிட்டாள்.

"எதை வச்சு சரி, தப்புன்னு போட்டீங்க சார்?"

"பீரோ கதவுக்கு உள்பக்கம் அவரே பட்டியல் ஒட்டி வச்சிருக்காரே. ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும்."

"மைக்ராஸ்கோப்புல பார்த்தீங்களா?"

"அதான் பட்டியல் இருக்கேம்மா."

பட்டியலைக் கொண்டுவரச் சொன்னாள். அப்பாவின் கையெழுத்துத்தான். ஆனால் முத்து முத்தாக இருந்தது. மளிகைச் சீட்டைக்கூடக் கோழி கிளறியதுபோல எழுதுகிறவர். இது அவர் தனக்காக எழுதிக்கொண்டதல்ல.

"சார், அரை மணி நேரம் குடுங்க."

ஆறு வில்லைகளையும் அவளே மெருகேற்றினாள். அமிலம் தொட்டாள். ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். மூன்றாம் வில்லையில் கரும்புழுக்கள்போல நெளிகிற கார்பன் இழைகள். வார்ப்பிரும்பு, குருடனும் சொல்வான். பட்டியலில் அதற்கு நேரே, கடினமாக்கிய எஃகு. கடினமாக்கிய எஃகோ ஐந்தாம் வில்லையில் ஊசி ஊசியாக நின்றது. இரண்டின் பெயர் ஒன்றில், மூன்றின் பெயர் இரண்டில், ஐந்தின் பெயர் மூன்றில், ஆறின் பெயர் ஐந்தில். ஒன்றின் பெயர் சுற்றிக்கொண்டு ஆறில் போய் உட்கார்ந்திருந்தது. நான்கு மட்டும் அசையவில்லை. நான்கு பித்தளை. மஞ்சளாக இருப்பதை எஃகு என்று எழுதினால் பட்டியலை ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

"ஞாபகம் போனவர் இப்படி வரிசை தப்பாம மாத்துவாரா சார்?" என்றாள். "இது திருடனுக்காக ஒட்டின பட்டியல். சரியான விடை அவர் தலைக்குள்ள இருந்துச்சு. வருஷா வருஷம் விடைத்தாள் திருத்துறப்ப உங்க பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாரே."

துறைத்தலைவர் விடைத்தாள்களைப் புரட்டினார். தவறு என்று அடித்த இருபத்துநாலு பேரும் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள்.

"அப்போ மீதி ஆறு பேரும் பார்த்து எழுதினவங்க!" என்று துள்ளினார்.

"இருபத்துநாலு பேரும் பார்த்துத்தான் எழுதியிருக்காங்க. அவங்க பார்த்தது மைக்ராஸ்கோப்ப."

அவர் சிரிக்கவில்லை. அவளுக்கும் அந்த ஆறு பேர்மேல் ஆத்திரம் ஏறியது. அப்பா விரித்த வலையில் ஆறு எலிகள். தாள்களை வாங்கி வில்லை எண்களைப் பார்த்தாள். ஐந்து பேருக்குக் கிடைத்தது நான்காம் வில்லை. பித்தளையைப் பித்தளை என்று எழுதியிருந்தார்கள். அதில் குற்றமே இல்லை. மிஞ்சியது ஒரே ஒருத்தி. மூன்றாம் வில்லைக்குக் கடினமாக்கிய எஃகு என்று எழுதியவள்.

ஆள் அனுப்பி அழைத்தார்கள். மாணவி வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"பீரோவத் திறந்தியா?" என்றார் துறைத்தலைவர்.

"திறந்துதான் இருந்துச்சு சார். அமிலம் எடுக்கப் போனேன்."

"மைக்ராஸ்கோப்புல என்ன தெரிஞ்சுது?" என்று மகள் கேட்டாள்.

"புழு புழுவா கறுப்பா. வார்ப்பிரும்புன்னுதான் முதல்ல எழுதினேன். அடிச்சிருப்பேன் பாருங்க."

தாளில் அடித்த சொல் இருந்தது. வார்ப்பிரும்பு.

"அப்புறம் ஏன் மாத்தின?"

"அந்த சார் எழுதின பட்டியல். அவர் தப்பா எழுதமாட்டாருன்னு நினைச்சேன் மேடம். என் கண்ணுதான் தப்புன்னு..."

துறைத்தலைவர் திட்டுவதற்கு வாயெடுத்தார். பட்டியல் அவர் கைக்குக் கீழேயே கிடந்தது. அதை வைத்துத்தான் இருபத்துநாலு பேரைத் தவறு என்று அடித்திருந்தார். திட்டாமல் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"நீ மட்டும் மறுபடி எழுது. நாளைக்கு, பத்து மணிக்கு," என்றார். மாணவி நிற்காமல் போய்விட்டாள்.

அவர் கடிதத்தை இழுத்து, நினைவுத் தடுமாற்றம் என்ற வரியை அடித்தார். மகள் அப்போதும் எழுந்திருக்கவில்லை.

"அடிச்சிட்டேனேம்மா."

"புதுத் தாள்ல எழுதுங்க சார். அடிச்சதையும் படிக்க முடியுது."

அவர் புதுத் தாள் எடுத்தார். அவர் எழுதி முடிக்கும்வரை அவள் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.