குதிரைத் தடத்தில் ஓர் ஏற்றம்

கொடைக்கானல் மலையின் இந்தக் கல்பாதையில் என் பைக் மூன்றாவது முறையாகச் சரிகிறது. எதிரே பாறைகள் படிபோல் ஏறுகின்றன. பின்சக்கரம் சுழன்று சரளையை வாரி இறைக்கிறது. எனக்குப் பின்னால், அரிசி மூட்டை சுமக்கும் குதிரையோடு ஒரு பெண் வழிக்காகக் காத்து நிற்கிறாள். பெயர் ஜெயமேரி; மேலே உள்ள தன் ஊருக்குப் போகிறாளாம்.

"நடுவுல ஏறாதீங்கக்கா. குதிரையே நடுவுல ஏறாது. இடது ஓரமாத் தடம் கெடக்கு பாருங்க, அதுல விடுங்க."

பார்க்கிறேன். குளம்பு பட்டுத் தேய்ந்த ஒரு முழ அகல வழி வளைந்து ஏறுகிறது. அதற்கு அப்பால் பள்ளம்; மேகம் மட்டும்தான் தெரிகிறது.

முதல் கியரில் போட்டு, எழுந்து நின்றபடி முறுக்குகிறேன். பைக் துள்ளுகிறது, வழுக்குகிறது, பிடித்துக்கொள்கிறது. ஏறிவிட்டேன்! சிரிப்பு நிற்கவில்லை.

ஜெயமேரி மூச்சிரைக்க ஓடி வருகிறாள்.

"ஊரு வரைக்கும் என்னைய ஏத்திக்கிறீங்களாக்கா?"

"குதிரை?"

"அதுக்கு வழி தெரியும். வெரசா எடுங்க, நமக்கு முன்னாடி போயிரப் போகுது!"

ஏறி உட்கார்ந்து என் இடுப்பை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். அடுத்த பாறையில் இருவரும் சேர்ந்தே கத்துகிறோம்.