சடையன் பிடித்த வடம்

எங்கள் பக்கத்தில் பாறைத் தேன் எடுக்க இறங்குபவனின் வடத்தை அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். தங்கையின் தாலி அறுபட எந்த அண்ணனும் விடமாட்டான் என்பதே அதன் காரணம்.

கண்ணாயிரம் திருமணமான ஆண்டிலிருந்து, மைத்துனன் சடையன் பிடித்த வடத்தை நம்பியே இறங்கியவர். சடையனின் ஒரு கையில் அவரைக் கட்டிய வடம். மறு கையில் தேன் டின்னைக் கட்டிய வடம். சென்ற கோடையில் தேனீக்கள் திரண்டு மேலே சடையனையும் கீழே கண்ணாயிரத்தையும் கொட்டின. கண்ணாயிரத்தின் கால் பாறை விளிம்பிலிருந்து வழுக்கியது. வடம் அவரைத் தாங்கவில்லை. கீழே புங்கமரக் கிளைகளில் விழுந்ததால் இடுப்பெலும்பு முறிவோடு பிழைத்தார்.

இரண்டு வடங்களும் கைநழுவின என்றான் சடையன். ஆள் கனமாகையால் விரைந்து விழுந்துவிட்டாராம். டின் இலேசாகையால் மெதுவாக இறங்கியதாம், அதை எட்டிப் பிடித்துக்கொண்டானாம். ஊரார் நம்பினர். கண்ணாயிரமும் நம்பவே விரும்பினார்.

இந்தக் கோடையில் சடையன் மறுபடியும் இறங்க அழைத்தான். இறங்கலாமா என்று முடிவு செய்யுமுன், கண்ணாயிரம் மனைவி குப்பம்மாவுடன் ஜமுனாமரத்தூரில் அறிவியல் ஆசிரியரான என் வீட்டுக்கு வந்தார். ஆட்டோ ஓட்டி வந்தவன் சடையனே.

"கனமானது முன்னால வுழும், லேசானது பின்னால வுழும். அப்டித்தானே சார்?"

ஆம் என்ற விடையையே அவர் முகம் வேண்டியது. அவ்வாறு சொல்ல என்னால் இயலவில்லை. புவியீர்ப்பு கனம் பார்ப்பதில்லை. ஒன்றாகக் கைவிடப்பட்ட இரண்டும் ஒன்றாகவே விழும் என்றேன். குப்பம்மா ஒப்பவில்லை. மொட்டை மாடியேறி, ஒரு முழுச் செங்கல்லையும் ஒரு சிறு துண்டையும் ஒருசேர விட்டார். வாசலில் ஒரே ஓசைதான் கேட்டது.

விழுந்து கிடந்த துண்டைக் கண்ணாயிரம் கையில் எடுத்தார். பிறகு, விழத் தொடங்கியபோது தம் தோளருகே தொங்கிய டின் விர்ரென்று மேலே போனதைக் கண்டதாகச் சொன்னார். அதை மயக்கம் என்றே இதுவரை எண்ணியிருந்தாராம். டின்னும் கைவிடப்பட்டிருந்தால் அது அவர் தோளோடு கூடவே வந்திருக்கும்; அசையாமல் நின்றதால்தான் விழுந்தவர் கண்ணுக்கு மேலே போயிருக்கிறது.

குப்பம்மா இறங்கி வந்து அண்ணன் எதிரே நின்றார்.

"எந்தக் கைய வுட்ட?"

சடையன் ஆட்டோவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டின்னு ரொம்பியிருந்துச்சி, பாப்பா."

கண்ணாயிரம் இப்போது காவலூர்ப் பேருந்து நிறுத்தத்தில் தேநீர்க் கடை நடத்துகிறார். இடுப்பு தேறிவிட்டது. தேனுக்கு அழைப்போரிடம், "வடம் புடிக்க மச்சான் இல்லீங்க" என்கிறார். உள்ளே பாத்திரம் கழுவும் குப்பம்மா அதை மறுப்பதில்லை.